டிப்ளமோவுக்கு என்ன அவசரம்? அமெரிக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வியை 21, 22 வயது வரை கொண்டுபோக ஒரு வழிகாட்டி

மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஜனவரி மாத ஐ.இ.பி. (மாற்றுத்திறனாளி மாணவருக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்தில், அவன் திட்டத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் கேஸ் மேனேஜர் சிரித்த முகத்தோடு ஒரு தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். வேண்டிய கிரெடிட் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஜூனில் டிப்ளமோ வாங்கிவிடலாம் என்றார். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வயது வரை ஒரு சொல் பேசாத பிள்ளை. மதுரையில் இருக்கும் மாமியாருக்கு அன்றிரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தார். நானும் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் மட்டும், "வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்களேன்" என்று மெல்லச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால் என் மகனுக்கு மூன்று வருடம் கிடைத்தது.

வழக்கமான ஹைஸ்கூல் டிப்ளமோவை வாங்கிய அன்றே சிறப்புக் கல்வி உரிமை முடிந்துவிடும். வயது 18 ஆக இருந்தாலும் சரி, 20 ஆக இருந்தாலும் சரி. இது எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நம் ஆட்களில் பலர் டிப்ளமோ கையில் வந்தால் போதும் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, செப்டம்பரில் பள்ளி பஸ் வராதபோதுதான் விழிக்கிறார்கள். அப்படி ஆகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி, அதனால் உதாரணங்கள் இங்கிருந்துதான் அதிகம் வரும்.

முதலில் சட்டம்

மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்விக்காக 1975-ல் வந்த சட்டம் 1990-ல் பெயர் மாறி ஐ.டி.இ.ஏ. (IDEA) ஆனது. இந்தக் கூட்டரசுச் சட்டப்படி, தகுதியுள்ள பிள்ளைக்கு 3 வயது முதல் 21 வயது வரை, அதாவது 22-ஆவது பிறந்தநாள் வரை, பள்ளி மாவட்டம் இலவசமாகவும் பொருத்தமாகவும் கல்வி தர வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. 18 முதல் 21 வயது வரையிலான மற்ற மாணவர்களுக்கு ஒரு மாநிலம் கல்வி தருவதில்லை என்றால், இவர்களுக்கும் முன்கூட்டியே நிறுத்திக்கொள்ளலாம். மாநிலத்துக்கு மாநிலம் வயது வேறுபட இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி இருக்கும்வரை நீங்கள் கேட்பது உரிமை. பட்ஜெட் இல்லை என்று மாவட்டம் கைவிரிக்க முடியாது. பள்ளி முடிந்த பிறகு கிடைக்கும் பெரியவர்களுக்கான சேவைகள் அப்படி இல்லை. தகுதி பார்ப்பார்கள், நிதி பார்ப்பார்கள், வரிசையில் நிற்கச் சொல்வார்கள். டெக்சஸில் மெடிக்கெய்டு வேவர் திட்டங்களுக்கான (அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியே மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டிலும் ஊரிலும் உதவி தருபவை) காத்திருப்புப் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைக்கு நோயறிதல் கிடைத்த வாரமே பெயரைப் பதிந்துவிடுவது நல்லது.

1. கடைசித் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நியூ ஜெர்சியில் பள்ளி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அந்த ஆண்டுக்குள் 21 முடிகிற மாணவர் அந்த ஜூன் 30 வரை படிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜூன் 29-ல் பிறந்த பையனுக்கு 21 முடிந்த மறுநாளே பள்ளி முடியும். மூன்று நாள் கழித்து ஜூலை 2-ல் பிறந்தவனுக்கு இன்னும் ஒரு முழு வருடம். என் மகன் முதல் ரகம்!

மற்ற இடங்களில் இப்படி: மாசசூசெட்ஸில் 22-ஆவது பிறந்தநாள் வரை, கலிபோர்னியாவிலும் 22 வரை. டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று 21 வயதாக இருந்தால் அந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை. இல்லினாய் 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. நடு ஆண்டில் 22 முடிந்தாலும் அந்த ஆண்டை முடிக்கலாம். மிச்சிகன் எல்லோரையும் தாண்டி 26 வரை போகிறது.

உங்கள் மாநிலம் 21-லேயே நிறுத்தினால் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013-ல் ஹவாய், 2018-ல் ரோட் ஐலண்ட், 2021-ல் கனெக்டிகட் என்று மூன்று மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் பெற்றோர் பக்கம் வந்திருக்கின்றன. வாதம் எளிமையானது. 21 வயதைத் தாண்டிய மற்றவர்களுக்கு ஹைஸ்கூல் படிப்பை முடிக்க மாநிலம் வயதுவந்தோர் கல்வி நடத்துகிறது. அவர்களுக்கு உண்டு என்றால் மாற்றுத்திறனாளி மாணவருக்கும் 22 வரை உண்டு.

சரி, தேதி தெரிந்துவிட்டதா? அதை ஐ.இ.பி.யில் எழுதச் சொல்லுங்கள். "சேவை முடியும் உத்தேச நாள்" என்று ஒரு வரி போதும். பிறகு வரும் கேஸ் மேனேஜர் தன் கணக்கில் ஒரு வருடத்தைக் குறைத்துவிட இடம் இருக்காது.

2. டிப்ளமோவைத் தள்ளிப்போடுங்கள், விழாவைத் தவறவிடாதீர்கள்

பெற்றோருக்கு நெஞ்சு அடைக்கிற இடம் இதுதான். கூடப் படித்த பிள்ளைகள் தொப்பியும் அங்கியும் போட்டு நடக்கும்போது நம் பிள்ளை மட்டும் வீட்டில் இருப்பதா?

இருக்க வேண்டாம். நியூ ஜெர்சி விதிப்படி, நான்கு வருடம் ஹைஸ்கூல் முடித்து, ஐ.இ.பி. இன்னும் தொடரும் மாணவர் தன் வகுப்போடு பட்டமளிப்பு விழாவில் நடக்கலாம், வருகைச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழால் உரிமைக்கு எந்தக் குறையும் வராது. வேறு பல மாநிலங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. என் மகன் நடந்தான். மேடையில் கொடுத்த உறைக்குள் டிப்ளமோ இல்லை என்பது எங்களுக்கும் பிரின்சிபாலுக்கும் மட்டும்தான் தெரியும். மாமியார் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

"கிரெடிட் எல்லாம் முடிந்துவிட்டதே" என்று பள்ளி சொல்லும். அந்த நிலை வராமல் பத்தாம் வகுப்பிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. கட்டாயப் பாடம் ஒன்றைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு முடிப்பதாகத் திட்டமிடுவது பல குடும்பங்கள் செய்யும் காரியம். ஐ.இ.பி.யில் உள்ள டிரான்சிஷன் இலக்குகள், அதாவது பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத் தயார்படுத்தும் இலக்குகள், முடிந்தால்தான் டிப்ளமோ என்றும் எழுதி வைக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில், காது கேளாத மாணவர் ஒருவர் 9 வயது முதல் 20 வயது வரை படித்தார். அவருக்கு வைத்த உதவியாளருக்குச் சைகை மொழி தெரியாது. ரிப்போர்ட் கார்டில் மட்டும் நல்ல மதிப்பெண்கள். பட்டமளிப்புக்குச் சில மாதம் முன்புதான், டிப்ளமோ கிடையாது, முடித்ததற்கான சான்றிதழ் மட்டும்தான் என்று பெற்றோருக்குத் தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மாணவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 'ஏ' கிரேடைப் பார்த்து மயங்காமல், உங்கள் பிள்ளை எந்தத் தடத்தில் இருக்கிறான், முடிவில் கையில் வருவது டிப்ளமோவா சான்றிதழா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. 14 வயதிலிருந்தே காகிதம் சேர்க்கத் தொடங்குங்கள்

கூட்டரசுச் சட்டப்படி 16 வயது ஐ.இ.பி.யில் டிரான்சிஷன் திட்டம் இருந்தாக வேண்டும். நியூ ஜெர்சியும் டெக்சஸும் 14-லேயே ஆரம்பிக்கின்றன. வேலை, மேற்கொண்டு படிப்பு அல்லது பயிற்சி, தேவைப்பட்டால் தனித்து வாழும் திறன் என்று இலக்குகள் அதில் வரும். பிள்ளையை அந்தக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டியதும் பள்ளியின் கடமை. பத்து நிமிடம்தான் உட்காருவான் என்றாலும் கூட்டிப்போங்கள்.

முதல் முறை எங்களுக்கு வந்த திட்டத்தில் "மாணவர் சமூகத்தில் பயணம் செய்யும் திறனை வளர்த்துக்கொள்வார்" என்று ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வளர்ந்ததா இல்லையா என்று யார் சொல்வது? மகனுக்கு டவுன் பஸ்ஸில் இறங்குவதற்கு இழுக்கும் மஞ்சள் கயிறு என்றால் உயிர். 'டிங்' சத்தம் கேட்பதற்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழுப்பான், டிரைவர் திரும்பிப் பார்த்து முறைப்பார். பயணப் பயிற்சியாளர் இலக்கை இப்படி மாற்றி எழுதினார்: "நினைவூட்டல் இல்லாமல், ஐந்து பயணங்களில் நான்கில், தன் நிறுத்தத்துக்கு மட்டும் கயிற்றை இழுப்பான்." முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்தார், அப்புறம் பின் இருக்கைக்குப் போனார், பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் காரில் வந்தார். ஒவ்வொரு பயணமும் ஒரு தாளில் பதிவானது. நீட்டிப்பு கேட்டுப் போராட வேண்டிய நாளில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த மாதிரித் தாள்கள்தான். "இன்னும் ஐந்தில் இரண்டுதான்" என்று எண்ணால் காட்டினால் பள்ளி எளிதில் மறுக்க முடியாது.

இலக்கு மேம்போக்காக இருக்கிறது என்று பட்டால் 2017 எண்ட்ரூ எஃப் தீர்ப்பைச் சொல்லுங்கள். பிள்ளையின் நிலைக்கு ஏற்ற, ஆனால் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கை ஐ.இ.பி. வைக்க வேண்டும், ஏதோ கொஞ்சம் முன்னேறினால் போதும் என்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான்.

இன்னொரு சின்ன விஷயம். வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது ஆங்கிலத்தில் பேசுவது சிரமம் என்றால் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், செலவு பள்ளியுடையது. தமிழுக்கும் கேட்கலாம். கூச்சப்படாதீர்கள்.

4. 18-ஆவது பிறந்தநாளுக்கு முன்

பெரும்பாலான மாநிலங்களில் 18 ஆனதும் கல்வி உரிமைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடும். ஒரு வருடம் முன்பே பள்ளி இதைத் தெரிவித்திருக்க வேண்டும். நம் வீடுகளில் முப்பது வயதுப் பிள்ளைக்கும் அப்பாதான் முடிவெடுப்பார், அதனால் இந்தச் செய்தி காதில் ஏறாது. ஆனால் 18 வயதுப் பையன் தானே டிப்ளமோவுக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கார்டியன்ஷிப், அதாவது பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்டப்படியான காப்பாளர் ஆவது, ஒரு வழி. நீதிமன்றம் போக வேண்டும், பிள்ளையின் உரிமைகளைப் பெருமளவு எடுத்துவிடும். புரிந்து கையெழுத்திடக்கூடிய பிள்ளை என்றால் கல்விக்கு மட்டும் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி போதும். துணையோடு முடிவெடுக்கும் ஒப்பந்தம் என்று மூன்றாவது வழியும் சில மாநிலங்களில் உண்டு. 2015-ல் முதலில் சட்டம் போட்டது டெக்சஸ். எல்லோரும் உடனே கார்டியன்ஷிப்புக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் மகனுக்கு இரண்டாவது வழியே போதுமானதாக இருந்தது.

5. எழுத்தில் கேளுங்கள்

பள்ளிக்கூட வாசலில் பேசியது, போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. பதினோராம் வகுப்பு இலையுதிர் காலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் எழுதியதன் தமிழ்:

"எங்கள் மகன் வயது வரம்பு முடியும் வரை சிறப்புக் கல்வியும் டிரான்சிஷன் சேவையும் பெற வேண்டும் என்று கேட்கிறோம். வழக்கமான டிப்ளமோவுக்கு நாங்கள் இப்போது சம்மதிக்கவில்லை. பயணம், பணம் கையாளுதல், வேலையிடத்தில் உதவி கேட்பது ஆகிய மூன்றிலும் அவனுடைய இலக்குகள் நிறைவேறவில்லை. 18 முதல் 21 வயதுக்கான திட்டத்தை முடிவுசெய்ய ஐ.இ.பி. கூட்டம் கூட்டுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பள்ளி எதையாவது செய்ய விரும்பினாலும், நீங்கள் கேட்டதை மறுத்தாலும், காரணம், பார்த்த தரவு, யோசித்த மாற்று வழிகள் எல்லாவற்றையும் எழுதி முன்னறிவிப்புக் கடிதம் தர வேண்டும். "எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு வகுப்பு இல்லை" என்று வாயால் எளிதாகச் சொல்லிவிடுவார்கள், எழுத்தில் போட யோசிப்பார்கள். நியூ ஜெர்சியில் எழுத்துக் கோரிக்கைக்கு 20 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

6. அந்த மூன்று வருடம் எப்படி இருக்க வேண்டும்

பன்னிரண்டாம் வகுப்பையே மூன்று தடவை ஓட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. எங்களுக்கு முதலில் காட்டிய ஏற்பாடு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு அதே அறை, அதே வண்ணத் தாள், அதே காகித நாணயங்கள். முடியாது என்றோம்.

கேட்க வேண்டியவை: வாரத்தில் பாதி நாளாவது பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே, நிஜக் கடையில், நிஜப் பணத்தோடு பயிற்சி. இரண்டு மூன்று வகை வேலைகளை ஜாப் கோச்சோடு (வேலையிடத்தில் கூடவே இருந்து பழக்குபவர்) செய்து பார்ப்பது. பயணப் பயிற்சி, இது சிறப்புக் கல்வியின் ஒரு பகுதி என்று விதியிலேயே இருக்கிறது. பிராஜெக்ட் செர்ச் என்று ஒரு திட்டம் 1996-ல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பள்ளியின் கடைசி வருடம் முழுவதும் ஒரு மருத்துவமனை அல்லது நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சி. உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் விடாதீர்கள். மாநிலத்தின் தொழில் மறுவாழ்வுத் துறையையும் கூட்டத்துக்கு அழையுங்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் தங்கள் கூட்டரசு நிதியில் 15 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களுக்கான வேலை முன்பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். மாவட்டத்தில் தகுந்த வகுப்பு இல்லையென்றால் வெளியே ஓர் இடத்தில் மாவட்டச் செலவில் சேர்க்கச் சொல்லலாம்.

7. மறுத்தால்

டிப்ளமோ கொடுத்து அனுப்புவது சட்டத்தின் பார்வையில் பிள்ளையின் கல்வி ஏற்பாட்டையே மாற்றுவது. முன்னறிவிப்புக் கடிதம் இல்லாமல் செய்ய முடியாது. அந்தக் கடிதம் வந்த நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். நியூ ஜெர்சியில் 15 நாளுக்குள் சமரசப் பேச்சோ டியூ ப்ராசஸ் விசாரணையோ (நடுநிலை அதிகாரி முன் நடக்கும் முறையான விசாரணை) கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே தொடர்வான். ஸ்டே புட் என்பார்கள். நாள் தவறினால் இந்தப் பாதுகாப்பு கைநழுவிவிடும். ஜூனில் கடிதம் வரும்படி பார்த்துக்கொள்ளும் மாவட்டங்களும் உண்டு, நீங்கள் அப்போது ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பீர்கள். கவனம்.

சமரசப் பேச்சு இலவசம். விதியை மீறியிருக்கிறார்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் எழுதலாம், 60 நாளில் முடிவு வரும். பள்ளியின் மதிப்பீடு தவறு என்று நினைத்தால் வெளி நிபுணரின் மதிப்பீட்டைப் பள்ளிச் செலவில் கேட்கலாம். டியூ ப்ராசஸுக்குப் பொதுவாக இரண்டு வருட வரம்பு. நிரூபிக்கும் பொறுப்பு பல மாநிலங்களில் வழக்குப் போட்டவர் தலையில். நியூ ஜெர்சியில் 2008 முதல் அது மாவட்டத்தின் தலையில்.

வக்கீலுக்கு முன் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கும் பெற்றோர் பயிற்சி மையத்தைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. நியூ ஜெர்சியில் அது ஸ்பான் (SPAN) என்ற அமைப்பு.

8. வயது தாண்டிய பிறகும் ஒரு வழி

தர வேண்டிய சேவையைப் பள்ளி தராமல் விட்டிருந்தால், அதற்கு ஈடாக இழப்பீட்டுக் கல்வி கேட்கலாம். வயது வரம்புக்கு அப்பாலும் அதை வாங்க முடியும். ஐ.இ.பி.யில் வாரம் இரண்டு ஸ்பீச் என்று போட்டுவிட்டு ஆள் இல்லாமல் நான்கு மாதம் நடக்கவில்லையா? தேதி வாரியாகக் குறித்து வையுங்கள். கோவிட் காலத்தில் வீணான வருடங்களுக்காக நியூ ஜெர்சி 2021-ல் தனிச் சட்டமே போட்டு, மூன்று கல்வியாண்டுகளில் வயது முடிந்தவர்களுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தது. பெற்றோர் திரண்டு கேட்டதால் வந்தது.

9. எச்-4 விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு

பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்து வந்த பிள்ளைக்கு எச்-4 தகுதி 21-ஆவது பிறந்தநாளோடு போய்விடும். பள்ளி உரிமை 22 வரை இருந்தாலும் நாட்டில் தங்கும் அனுமதி இருக்காது. பள்ளி உங்கள் விசாவைக் கேட்டுச் சேர்க்கையை மறுக்க முடியாது, உச்ச நீதிமன்றத்தின் 1982 ப்ளைலர் தீர்ப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் குடியேற்ற நிலை அதனால் நீளாது. கிரீன் கார்டு வரிசையில் இருந்தால் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையின் வயதைக் கணக்கிடும் விதம் வேறு, சிலருக்கு அது காப்பாற்றும். பிள்ளைக்கு 18 ஆகும்போதே குடியேற்ற வக்கீலிடம் போய்விடுங்கள். இந்தியாவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி தருவது 6 முதல் 18 வயது வரைதான். அதனால் திரும்பிப் போக வேண்டி வந்தால் இங்கே இருக்கும் வருடங்களில் எந்தத் திறனை முதலில் பிடிப்பது என்று யோசிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஸ்பீச் நேரத்தின் ஒரு பகுதியைப் போன் பேசப் பழக்குவதற்கு மாற்றிக்கொண்டது, அங்கே அத்தையோடு தங்கப் போகிறான் என்பதால்.

10. கடைசி வருடம்

18 ஆனதும் எஸ்.எஸ்.ஐ.க்கு (குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கூட்டரசு தரும் மாத உதவித்தொகை) விண்ணப்பியுங்கள், அதன் பிறகு பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு விதி கடுமை. பிள்ளையின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் தகுதி போய்விடும், தாத்தா போட்டுக்கொடுத்த வைப்புத் தொகை உட்பட. அதற்கு, தகுதி போகாமல் மாற்றுத்திறனாளி பெயரில் சேமிக்கும் ஏபிள் கணக்கு இருக்கிறது. நியூ ஜெர்சியில் வளர்ச்சிக் குறைபாட்டுத் துறையின் சேவை 21-ல் தொடங்கும், அதற்கு மெடிக்கெய்டு கட்டாயம், விண்ணப்பத்தை 18-லேயே போடலாம்.

பள்ளியை விட்டுப் போகும்போது செயல்திறன் சுருக்கம் என்று ஒரு தாள் தர வேண்டியது பள்ளியின் கடமை. பிள்ளைக்கு என்ன தெரியும், எப்படிச் சொன்னால் புரியும், என்ன உதவி வேண்டும் என்று அதில் இருக்கும். வேலையிடத்திலும் துறை அலுவலகத்திலும் முதலில் கேட்பது அதைத்தான். எங்களுக்கு வந்த முதல் பிரதியில் வேறு மாணவன் பெயர் இருந்தது. மே மாதமே வாங்கிப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள். ஜூன் 30-க்குப் பிறகு அந்த கேஸ் மேனேஜரின் நம்பருக்கு அடித்தால் வாய்ஸ்மெயில்தான் எடுக்கும்.